அடைகாத்த புத்தகம்

ஜூலை 2, புதன்

பள்ளி நூலகப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழாசிரியை பேறுகால விடுப்பில் போய்விட்டார். சமூக அறிவியல்காரர் ஏற்கெனவே மூன்று பொறுப்புகளைச் சுமந்துகொண்டு புலம்புகிறார். மிச்சமிருப்பவன் கணக்கு வாத்தியார் ஞானதிரவியம்தான். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே பீரோ சாவியைக் கையில் வைத்தார். அவர் சிரித்தால் நமக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எட்டாம் வகுப்புக்கு வாசிப்பு நேரமாம். பிள்ளைகள் பாடப்புத்தகம் அல்லாத ஒன்றைத் தாங்களே எடுத்து, யாரும் அதட்டாமல், ஆசையாகப் படிக்க வேண்டுமாம். அதற்கு எனக்கு ஒருநாள் பயிற்சி. பயிற்சி கொடுத்த அம்மா எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். தலைமையாசிரியை வாங்கிப் பார்ப்பார் என்பதால் அவருக்கென்று தனியாக ஒன்று எழுதிக்கொள்வேன். இது என்னுடையது.

ஒளிக்காமல் சொல்வதென்றால், நான் கதைப் புத்தகம் எதையும் முழுதாகப் படித்ததில்லை. கல்லூரியில் ஒரு நண்பன் கொடுத்ததைப் பாதி படித்தேன். அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். சில கட்டுகளின் நாடாவே அவிழ்க்கப்படவில்லை. பிள்ளைகள் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் முண்டியடித்தார்கள். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து, "நல்லாருக்குமா சார்?" என்று கேட்டார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்னட்டையில் நாலு வரிக் கதை இருக்கிறது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, பழைய நினைவு வந்தவன் மாதிரி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசை ஜெனோவா என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "அம்புட்டையும் படிச்சிருக்கீங்களா சார்?" என்றாள். "பின்ன?" என்றேன்.

கடைசியாக வந்தவள் முப்பிடாதி. பின்வரிசையில் உட்காரும் பெண். சத்தமில்லாமல் படித்தாலும் உதடு அசையும். அட்டையில் லாரிப் படம் போட்ட பச்சைப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். தன்னை நம்பி விட்ட ஆடுகளைத் தொலைத்துவிட்டு, அடிக்குப் பயந்து லாரியேறி ஊரைவிட்டு ஓடிப்போகும் மாசானம் என்ற பையனின் கதை. இதுவும் பின்னட்டை உபயம்தான். "அருமையான புத்தகம்மா" என்றேன். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள்.

ஜூலை 11, வெள்ளி

ஆசையாகப் படிக்கிறார்களா என்பதை எப்படி அளப்பது? எண்ணிக்கை இல்லாத வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய அட்டையில் எல்லோர் பெயரையும் எழுதிச் சுவரில் மாட்டினேன். ஒரு புத்தகம் படித்து முடித்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். அதிக நட்சத்திரம் வாங்குபவருக்குப் பேனா செட். யோசனை என்னுடையதுதான்.

ஜூலை 18, வெள்ளி

நட்சத்திரம் வாங்கி மாளவில்லை. காலையில் எடுத்ததை மத்தியானம் திருப்பித் தருகிறார்கள். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்று அட்டையைக் கண்குளிரப் பார்த்தார். ஜெனோவா பெயருக்கு எதிரே இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினேன்.

முப்பிடாதி பெயருக்கு எதிரே வெறும் அட்டை.

ஜூலை 25, வெள்ளி

வட்டாரக் கல்வி அலுவலர் நம் பள்ளியின் வாசிப்பு வகுப்பைப் பார்க்க வருகிறாராம். "எல்லார் பேருக்கு எதிர்லயும் ஒண்ணாவது இருக்கணும் சார்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டுப் போனார். முப்பிடாதியை அழைத்துக் கேட்டேன். இன்னும் முடிக்கவில்லை என்றாள். எத்தனை பக்கம் பாக்கி என்றதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று நன்றாகச் சிரித்தோம். முப்பிடாதி பையிலிருந்து மறுபடியும் அதே பச்சைப் புத்தகம் வந்தது. "ஏம்மா, மாசக்கணக்கா அடைகாக்குறியே, குஞ்சு பொரிச்சுதா?" என்றேன். வகுப்பு குலுங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ கோழி மாதிரிக் கொக்கரித்தார்கள். நான் அதட்டினேன். சிரித்துக்கொண்டே அதட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் அழவில்லை. அப்படியொன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வகுப்புக்குள் நுழையும்போது என் மேஜைமேல் பச்சைப் புத்தகம் இருந்தது. முடித்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, வேண்டாம் என்றாள். நட்சத்திரம் ஒட்டட்டுமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள். வகுப்பில் அவளுக்கு அடைகோழி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான். நாலு நாளில் மறந்துவிடுவார்கள்.

அவள் பெயருக்கு எதிரே நானே ஒன்று ஒட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டாவது பீரியடில் ஆள் வந்து கூப்பிட்டார்கள். முப்பிடாதியின் அம்மா வந்திருந்தாள். பெயர் ஆவுடை. பீடி சுற்றுபவள். கிட்டே வரும்போதே புகையிலை வாசம் வந்தது. அடைகோழி விவகாரம் வீட்டுக்குப் போய்விட்டது, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேடிக்கைக்குச் சொன்னது, பிள்ளையின் நன்மைக்குச் சொன்னது என்று நடந்து வரும்போதே பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மகள் அவளிடம் சொல்லவும் இல்லை போலிருக்கிறது. "ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றாள். "அந்த மாசானம் பய கடைசில வீட்டுக்கு வந்தானா, இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. அவளே விவரம் சொன்னாள். சாயங்காலம் அவர்கள் தெருத் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் கூடிப் பீடி சுற்றுவார்களாம். பள்ளிக்கூடம் விட்டுவந்து முப்பிடாதி அவர்களுக்கு அந்தப் புத்தகத்தை உரக்க வாசிப்பாளாம். கை சுற்றிக்கொண்டே இருக்கும், காது அவளிடம் இருக்கும். ஆனால் முடிவு நெருங்கினால் அவளுக்குக் கண் வலி வந்துவிடுமாம். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாளாம். இப்போது புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எங்க வீட்லயும் ஒருத்தன் போயிருக்கான் சார். மூத்தவன். அவுக அப்பாகூட ஒரு வாய்ச்சண்ட, அம்புட்டுதான். ரெண்டு வருசமாச்சு, ஒரு போன் கெடையாது" என்றாள். "அதான் கேக்கேன். நீங்க எல்லாப் புஸ்தகமும் படிச்சவகன்னு முப்பிடாதி சொல்லிருக்கா."

படிக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் சமூக அறிவியல்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துடுறாம்மா" என்றேன். "கடைசியில வீடு தேடி அம்மாகிட்ட வந்துடுறான்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் இன்னும் ஒருபடி மேலே போய், பீரோவைத் திறந்து, பச்சைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மகளை முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வகுப்புக்குப் போனேன். கதைகள் பெரும்பாலும் நல்லபடியாகத்தானே முடியும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

வராந்தாவில் முப்பிடாதி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். கருப்பட்டி மிட்டாய். அம்மா கொடுத்துவிட்டாளாம். கொட்டகையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாளாம், மாசானம் வந்துவிட்டான் என்று.

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. "நீங்க அத வாசிக்கவே இல்லல்லா சார்?" என்றாள்.

குரலில் கோபமில்லை. நேரம் கேட்பது மாதிரிக் கேட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. வாத்தியாரிடம் பேசுகிற பேச்சா இது, வகுப்புக்குப் போ என்றேன். நாலடி போய்த் திரும்பினாள். "அம்மா வாசிக்கச் சொல்லுதா. நான் என்னத்த சார் வாசிக்க?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம். மிட்டாயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி பியூலா, நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். கடையில் என்றேன். இரண்டு நாளில் இரண்டாவது பொய்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அலுவலர் வந்தார். சுவர் முழுக்க நட்சத்திரம் பார்த்து மலைத்துப்போனார். ஜெனோவாவை எழுப்பி, படித்ததில் பிடித்த ஒன்றைச் சொல்லச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பழைய நினைவு வந்தவள் மாதிரி நின்று, கடலில் காணாமல்போன அண்ணனைத் தேடிப் போகும் தம்பியின் கதையைத் தெளிவாகச் சொன்னாள். பிறகு என்ன ஆனது என்று அவர் கேட்டார். "தம்பி அண்ணனைக் கண்டுபிடித்தானா? விடை தேடும் விறுவிறுப்பான பயணம்" என்றாள்.

பின்னட்டை. ஓர் எழுத்து மாறாமல் பின்னட்டை. அந்த ஜன்னல் பார்வை என்னுடையது.

அலுவலர் விழுந்து விழுந்து சிரித்தார். முடிவைச் சொல்லாமல் நம்மையே படிக்கவைக்கிறாள், கெட்டிக்காரி என்றார். மற்ற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நான் வந்து பேச வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சூடாகி, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் பாராட்டு.

மணி அடித்து எல்லோரும் போனபிறகு முப்பிடாதி வந்து பச்சைப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "கண்ணு வலின்னு சொல்லிருக்கேன். திங்கக்கெழம வரைக்கும்தான் சார் சொல்ல முடியும்." போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

நான் புத்தகத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பியூலா கேட்டாள். முதல் பக்கங்கள் நகரவில்லை. நான் வாசிக்கும்போது கணக்கைச் சரிபார்ப்பவன் மாதிரி வரிக்கு வரி நின்று விடுகிறேன். ஆடுகள் தொலைகிற இடத்திற்குப் பிறகு நிற்க முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சொல்லும் வேலைக்குத்தான் என்னைப் போட்டிருந்தார்கள்.

மாசானம் வீட்டுக்கு வரவில்லை.

பல வருஷம் கழித்து, அதே லாரியின் கிளீனராக, ஓர் அந்தி நேரத்தில் சொந்த ஊர் வழியாகப் போகிறான். டிரைவர் அவன் தெரு முனையில் வண்டியை நிறுத்துகிறார். வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிற அம்மா லாரி வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்கிறாள். "இறங்குறியாடா?" என்று டிரைவர் கேட்கிறார். அடுத்த தடவை வரும்போது இறங்குகிறேன் என்கிறான். வண்டி கிளம்புகிறது. அவ்வளவுதான் கதை.

கடைசி அத்தியாயத்தின் தாள்கள் மற்றவற்றைவிட அதிகமாக நைந்திருந்தன. அவள் எப்போதோ படித்து முடித்துவிட்டாள். திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். பெற்ற அம்மாவிடம் இதை வாசித்துக்காட்ட வாய் வராமல், கண் வலி என்று சொல்லி, முதல் பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நான் கேலி செய்தபோது, முடித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நட்சத்திரம் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. அந்த வகுப்பில் நிஜமாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் கோழி என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடினேன், இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேவாலயத்தில் பாட்டுக்கு வாய் மட்டும் அசைந்தது. கடைசித் தாளைக் கிழித்துவிட்டால் என்ன என்று ஆராதனையில் உட்கார்ந்து யோசித்தேன். பழைய புத்தகம், தாள் உதிர்ந்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆவுடைக்கு நான் சொன்ன முடிவே நிலைத்துவிடும். எவருக்கும் தெரியாது.

முப்பிடாதிக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளி விட்டதும் பச்சைப் புத்தகத்தோடு கொட்டகைக்குப் போனேன். மடியில் முறமும் கையில் பீடி இலையுமாகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தூள் டப்பா, நூல்கண்டு. வாத்தியார் வந்ததும் எழப்பார்த்தார்கள். உட்காரச் சொன்னேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்தால் எல்லோரும் என் காலடியில் இருப்பது மாதிரி இருந்ததால், தரையிலேயே உட்கார்ந்தேன். முப்பிடாதி தூணோரம் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் நயமான வாக்கியங்களை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா" என்றேன். "நான் இதைப் படிச்சிருக்கலை. முந்தாநாள்தான் படிச்சேன்."

சுற்றும் கைகள் நின்றன. ஒருத்தி, "வாத்தியாரே படிக்கலையா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆவுடை சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்காவச் சொன்னியளா சார், ஒங்களுக்காவச் சொன்னியளா?"

அவளுக்காக என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பாதி உண்மையும்கூட. "எனக்காகத்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வாசிக்கச் சொன்னாள்.

கடைசி அத்தியாயத்தை நானே வாசித்தேன். வினாத்தாள் படிப்பவன் மாதிரி வாசித்தேன், அது எனக்கே கேட்டது. டிரைவர் இறங்குறியாடா என்று கேட்கிற இடத்திலிருந்து வேகம் கூடிவிட்டது. அடுத்த தடவை என்கிற இடத்தை விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தேன். வண்டி கிளம்பியதும் புத்தகத்தை மூடினேன். முப்பிடாதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இத்தனை நாள் பயந்திருந்தது இந்த நேரத்துக்குத்தான்.

ஆவுடை மடியில் கிடந்த இலையை எடுத்தாள். அதை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, தெரு வரைக்கும் வந்திருக்கான்லா" என்றாள்.

நான் புத்தகத்தைப் படித்து முடித்து இரண்டு நாள் ஆகிறது. அவன் வரவில்லை என்று மட்டும்தான் எனக்குப் பட்டிருந்தது. அவன் வந்திருக்கிறான் என்பது தோன்றவே இல்லை.

மாசானத்தின் அம்மா நிமிர்ந்து பார்க்கிற இடத்தை ஆவுடை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பக்கத்தைத் தேடினேன். அதற்குள் முப்பிடாதி எழுந்து வந்து கையை நீட்டினாள். "நீங்க ஓட்டமா ஓடுதீங்க சார்." புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கத்தைத் தேடாமலே அவளுக்கு அந்த இடம் விரிந்தது. உளுந்து புடைக்கிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பெண்கள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்கள். ஆவுடை அழுதாள், கை நிற்கவில்லை. நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மற்ற பள்ளிகளுக்கு வந்து பேச முடியாது என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். காரணம் கேட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன். தன்னடக்கம் கூடாது சார் என்றார்.

விளக்கமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நட்சத்திர அட்டையைக் கழற்றினேன். ஜெனோவா அழுதுவிட்டாள். அவள்மேல் என்ன குற்றம்? செய்ததெல்லாம் நான் செய்து காட்டியதுதான். சொன்ன சொல்லுக்குப் பேனா செட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகம் தெளியவில்லை. அடைகோழி என்று சொன்னது என் தவறு, இனி யாரும் சொல்லக் கூடாது என்றேன். கேட்டுக்கொண்டார்கள். சொல்லாமல் இருப்பார்களா என்று தெரியவில்லை.

பிறகு பீரோவைத் திறந்துவைத்தேன். இன்றைக்கு யாரும் முண்டியடிக்கவில்லை. நட்சத்திரம் இல்லாமல் எதற்கு எடுப்பது என்று சிலர் யோசித்தார்கள். அதுவும் நான் பழக்கியதே.

முப்பிடாதி எழுந்து வந்தாள். பச்சைப் புத்தகத்துக்குப் பிறகு அவள் வேறு எதையும் தொடவில்லை. இன்னொரு புத்தகம் வேண்டும் என்று கொட்டகையில் கேட்கிறார்களாம். ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினாள். "இது நீங்க படிச்சதா சார்?" வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றேன். அடுத்ததைக் காட்டினாள். இல்லை. அடுத்தது. அதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. பீரோவில் நான் படித்தது பச்சைப் புத்தகம் ஒன்றுதான், அதுவும் அவள் தயவில்.

கடைசியில் அவளாகவே ஒன்றை எடுத்து, பின்னட்டையைத் திருப்பாமல், முதல் பக்கத்தைத் திறந்து உதடு அசைய நாலு வரி படித்துப் பார்த்தாள். பிடித்துவிட்டது போல. பையில் வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடு என்று கேட்டேன். யோசித்து, மெல்லிசாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இடத்துக்குப் போகப் போனவள் நின்று, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"முடிவ மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க சார்."

வகுப்பு சிரித்தது. சரிம்மா என்றேன்.